விளக்கு வைத்த பிறகு ஒரு மணி நேரம்

கொசு பிடிக்கும் வேலைக்குக் கையைவிட மூச்சுதான் முக்கியம். அரசுக் காகிதத்தில் இந்த வேலைக்குப் 'பூச்சி சேகரிப்பாளர்' என்று பெயர். வலையை வீசிக்கொண்டு கழனிக்குள் ஓட வேண்டியிருக்கும் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். கையில் கொடுத்ததோ ஒரு கண்ணாடிக் குழாய், அதில் செருகிய ரப்பர் ட்யூப், ஒரு டார்ச், வாயில் வலைத்துணி கட்டிய சில காகிதக் குவளைகள். கண்ணாடியும் ரப்பரும் சேரும் இடத்தில் கொசுவலைத் துணியைச் சின்ன வட்டமாக வெட்டிக் கட்டியிருக்கும். கொசு தொண்டைக்குள் போய்விடாமல் தடுப்பது அந்தத் துணிதான். ரப்பர் முனையை உதட்டில் கவ்விக்கொண்டு, கண்ணாடி முனையைக் கொசுவுக்கு அருகில் கொண்டுபோய், ஒரே ஒரு இழுப்பு. பலமாக இழுத்தால் செதில் உதிரும், கால் ஒடியும். பிறகு மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே வைத்தாலும் இன்ன இனம் என்று சொல்ல முடியாது. தயங்கி இழுத்தால் பறந்துவிடும்.

"சுடச்சுட டீயை உறிஞ்சுவ இல்ல, அந்த அளவுதான் தம்பி" என்றார் எனக்குக் கற்றுக்கொடுத்த அண்ணன். விழுப்புரம் மாவட்டத்தில் எந்த ஊரில் எந்த மாட்டுக் கொட்டாய்க்கு எந்தப் பக்கம் வாசல் என்று சொல்லக்கூடியவர். எந்த மாடு உதைக்கும் என்பதும் அவருக்குத் தெரியும்.

வேலை நேரம், விளக்கு வைத்த பிறகு ஒரு மணி நேரம். ஒரு ஆள் அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை கொசு பிடித்தான் என்பதுதான் பதிவேட்டில் ஏறும் கணக்கு. பிடிக்கிறவன் சோம்பேறியாக இருந்தால் ஊரில் கொசு குறைந்துவிட்டதாக மேலே போய்ச் சேரும். டார்ச்சை நேராக அடிக்கக் கூடாது, கலைந்துவிடும். சாய்வாகப் பிடித்து, சுவரின் அடிப்பக்கம், கூரையின் உள்பக்கத்துக் கீற்று, வைக்கோல் அடுக்கின் ஓரம், கடைசியாக மாட்டின் வயிற்றுப்புறம் என்று தேட வேண்டும். சாணப் புழுதி குழாய் வழியாக வாய்க்கு வரும். வீட்டுக்குப் போய் எத்தனை முறை கொப்பளித்தாலும் ராத்திரிச் சோற்றில் அந்த ருசி இருக்கும். இதைப் பயிற்சிக் கையேட்டில் யாரும் எழுதுவதில்லை.

எங்களுக்கு வேண்டியது சாக்கடைக் கொசு அல்ல. ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கியூலெக்ஸ் ட்ரைடீனியோரிங்கஸ் என்று ஒன்று. அண்ணன் 'ட்ரைட்டா' என்று பாதியில் நிறுத்திக்கொள்வார். சிறியது, கருமை கலந்த பழுப்பு, குத்தும் ஊசியின் நடுவில் வெளிர் வளையம். வீட்டுச் சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸுக்கு அந்த வளையம் கிடையாது. இதே சாதியில் விஷ்ணுயி, முதுகின் முன்பாதியில் வெள்ளைச் செதில் போர்த்திய ஜெலிடஸ் என்று இன்னும் சில உண்டு. எல்லாம் பெரும்பாலும் கழனித் தண்ணீரில் பெருகுபவை. நாற்று நட்ட சில வாரங்களில் புழுக்கள் ஏராளமாகும். பயிர் அடர்ந்து தண்ணீர்மேல் நிழல் மூடியதும் குறையத் தொடங்கும். சம்பா நடவு, அதைத் தொடர்ந்து ஐப்பசி மழை, கார்த்திகை ஈரம். எங்களுக்கு வேலை அதிகமாக இருப்பதும், மருத்துவமனைக் குழந்தைகள் வார்டிலிருந்து போன் வருவதும் ஏறக்குறைய அதே மாதங்களில்தான்.

அந்தப் போன் எதற்காக வருகிறது என்பதை எனக்குப் புரியவைக்க அண்ணன் பனமலைக் குன்றைத் தேர்ந்தெடுத்தார். ராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த தாளகிரீஸ்வரர் கோயில் அதன் மேல் இருக்கிறது, 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. வெளியூர்க்காரர்கள் வந்தால் உள்ளே மங்கிப்போன பார்வதி ஓவியத்தைத்தான் தேடுவார்கள். நாங்கள் ஓவியத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வெளியே நின்றோம். கீழே ஏரி. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வரும் நந்தன் கால்வாய் முடிவது இந்த ஏரியில்தான். ஏரிக்கு அப்பால் கழனி, கழனியை ஒட்டிக் கொட்டாய்கள்.

"வைரஸ் எங்க இருக்குன்னு கேட்டல்ல? அதோ பாரு" என்று கரையோரம் நின்ற கொக்குக் கூட்டத்தைக் காட்டினார். கொக்கு, மடையான், வக்கா போன்ற நீர்ப்பறவைகளின் உடம்பில் அது இருக்கும். பறவைக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் பறவையைக் கடித்த கொசு பன்றியைக் கடித்தால், பன்றியின் இரத்தத்தில் வைரஸ் சில நாட்களுக்குக் கொழித்துப் பெருகும். அப்போது அந்தப் பன்றியைக் கடிக்கிற கொசுவெல்லாம் வைரஸை எடுத்துக்கொண்டு கிளம்பும். மாட்டின் கதை வேறு. இந்தக் கொசுவுக்கு மனிதரைவிட மாட்டு இரத்தம்தான் அதிகம் பிடிக்கும், அதனால்தான் நாங்கள் கொட்டாயில் நிற்கிறோம். ஆனால் மாட்டின் உடம்பில் வைரஸ் பெருகுவதில்லை. மனிதனும் அப்படியே. குழந்தைக்கு மூளைக்காய்ச்சலே வந்தாலும் அதன் இரத்தத்தில் கொசு எடுத்துப் பரப்பும் அளவுக்கு வைரஸ் இருக்காது. ஆகவே ஒரு குழந்தையிடமிருந்து இன்னொரு குழந்தைக்கு இது தொற்றாது. மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிள்ளையோடு தங்கள் பிள்ளைகளை விளையாட விடாத வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் இந்தக் கொக்கு, பன்றிக் கதையை முழுவதுமாகச் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

இன்னொன்றும் அன்று சொன்னார். வைரஸ் உடம்பில் ஏறியவர்களில் பெரும்பாலானோருக்கு எதுவும் தெரியாது, அல்லது சாதாரணக் காய்ச்சலாகக் கழிந்துவிடும். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்குத்தான் நோய் மூளை வரை போகும். ஆனால் அப்படிப் போனால் 100 பேரில் 30 பேர் வரை இறக்கலாம். பிழைத்தவர்களிலும் பலருக்குப் பேச்சோ, நடையோ, புத்தியின் வேகமோ முன்போல இருக்காது. வார்டில் ஒரு குழந்தை படுத்திருக்கிறது என்றால், அந்தச் சுற்று வட்டாரத்தில் தெரியாமலே வைரஸ் ஏறி இறங்கியவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கலாம். அந்த ஒரு குழந்தையை வைத்துக்கொண்டுதான் நாங்கள் ஊரையே அளக்கிறோம்.

ஜப்பானியப் பெயர் இருப்பதால் இது எங்கிருந்தோ வந்த நோய் என்று எங்கள் ஊரில் ஒரு நினைப்பு. இந்தியாவில் மனிதரிடம் இது முதலில் அடையாளம் காணப்பட்டது எங்கள் மாவட்டத்துச் செஞ்சியிலிருந்து எட்டிப் போகும் தூரத்தில்தான். 1955-இல், அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காய்ச்சலும் வலிப்புமாக வந்த குழந்தைகளைக் கவனித்த வெப், பெரேரா என்ற மருத்துவர்கள் இது பூச்சியால் பரவும் வைரஸ் மூளையழற்சியாக இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். இரத்தப் பரிசோதனை அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று காட்டியது. பிறகு தென்னாற்காட்டுப் பக்கமும் நோய் வேரூன்றியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1985-இல் மதுரையில் மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம் தொடங்கி, விருத்தாசலத்தில் ஒரு கள நிலையமும் வைத்தது. கழனியில் எப்போதும் தண்ணீர் கட்டாமல் விட்டுவிட்டுக் காயவிட்டால் புழு குறைகிறதா, யூரியாவில் வேப்பம் பிண்ணாக்கைக் கலந்து போட்டால் குறைகிறதா என்றெல்லாம் அந்த மையத்தினர் சோதித்தார்கள். குறைந்தது. ஆனால் மதகுத் தண்ணீர் முறை வைத்து வரும் ஊரில் ஒருவர் மட்டும் கழனியைக் காயவிட முடியுமா? அந்த யோசனை ஏன் பரவலாகவில்லை என்பதற்கு ஆராய்ச்சிக் கட்டுரை தேவையில்லை, ஏரிக்கரையில் ஒரு மாலை உட்கார்ந்து சண்டையைக் கேட்டாலே போதும்.

குழாய் பிடிக்க ஓரளவுக்குக் கை வந்ததும், வேலையின் மறுபாதிக்கு அண்ணன் என்னை அழைத்துப் போனார். இதற்குக் கருவி கிடையாது. கேட்பதுதான் வேலை.

மருத்துவமனையிலிருந்து 'ஏ.இ.எஸ்.' (தீவிர மூளையழற்சி நோய்க்குறித்தொகுதி) என்று ஒரு குழந்தையின் பெயர் வந்தால், சுகாதார ஆய்வாளர், கிராம சுகாதார செவிலியர், நாங்கள் எல்லோரும் அந்த ஊருக்குப் போவோம். திடீர்க் காய்ச்சலோடு குழப்பம், பிதற்றல், பேச்சின்மை, மயக்கம் என்று நினைவில் மாற்றம் இருந்தாலோ, புதிதாக வலிப்பு வந்தாலோ அந்தப் பட்டியலில் சேரும். ஆனால் ஒரு விலக்கு உண்டு. 6 மாதத்துக்கு மேல் 6 வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சலில் ஒரே ஒரு முறை, உடம்பு முழுக்க, 15 நிமிடத்துக்குள் முடிந்த வலிப்பு வந்து, ஒரு மணி நேரத்துக்குள் நினைவு திரும்பிவிட்டால், அது வெறும் காய்ச்சல் வலிப்பு, சேராது. அப்படி வலிப்பு வரும் குழந்தைகள் ஏராளம், 100-க்கு 2 முதல் 5 வரை. பார்க்கிற தாய்க்கு உயிர் போய்விடும். குழந்தைக்கு எதுவும் ஆகாது, மூளையும் கெடாது. இரண்டையும் பிரிப்பது அந்த 15 நிமிடமும் அந்த ஒரு மணி நேரமும். அவற்றைக் கடிகாரம் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் எந்த வீட்டிலும் கிடையாது.

"எவ்வளவு நேரம் இழுத்துச்சும்மா?" என்று கேட்டால், "ஒரு மணி நேரம் இருக்கும் சார்" என்பார்கள். அண்ணன் அதை எழுதமாட்டார். திண்ணையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு ஆரம்பிப்பார். "வலிப்பு வந்தப்ப நீ எங்க இருந்த?" "அடுப்பாண்ட." "என்ன வெச்சிருந்த?" "உலை." "ஓடி வந்து தூக்குன. அப்புறம் யாரு வந்தா?" "எதுத்த வூட்டு அக்கா." "அக்கா வந்தப்ப இழுத்துக்கிட்டு இருந்துச்சா?" "இருந்துச்சு. அவங்கதான் சாவிக்கொத்தைக் கையில குடுத்தாங்க." "அப்புறம்?" "வூட்டுக்காரரு வண்டிய எடுத்தாரு. ஏறி உக்காரச்சொல்ல தொவண்டு போச்சு." "திரும்பி வந்து பாத்தப்ப உலை எப்படி இருந்துச்சு?" அந்தக் கேள்வியில்தான் நான் அசந்துபோனேன். அரிசி போட்ட உலை பொங்கி வழிந்திருந்ததா, அடிப்பிடித்துக் கருகியிருந்ததா என்பதை வைத்து அவர் நேரத்தை எழுதுவார். இப்போதெல்லாம் பல வீடுகளில் யாராவது செல்போனில் எடுத்திருப்பார்கள். அது இன்னும் நல்லது. வீடியோவின் நீளமே கணக்கு.

பிறகு, "எப்படி இழுத்துச்சுன்னு காட்டு" என்பார். வார்த்தையில் கேட்டால் எல்லாத் தாய்களும் 'வெட்டி வெட்டி இழுத்துச்சு' என்றுதான் சொல்வார்கள். உடம்பால் காட்டச் சொன்னால் ஒருத்தி இரண்டு கையையும் மடக்குவாள், ஒருத்தி இடது கையை மட்டும் மடக்கி வாயை ஒரு பக்கமாகக் கோணுவாள். ஒரு பக்கம் மட்டும் இழுத்தது என்றால் அது சாதாரணக் காய்ச்சல் வலிப்பு அல்ல. இதை அந்தத் தாய் மருத்துவரிடம் வார்த்தையாகச் சொல்லியிருக்கவே மாட்டாள்.

எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி, நினைவு திரும்பியதா என்பது. "தெளிஞ்சுதா?" என்று கேட்டால் "தெளிஞ்சுது சார், கண்ணைத் தொறந்துச்சு" என்று பதில் வரும். கண் திறப்பதும் தெளிவதும் ஒன்றல்ல என்று அண்ணன் எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார். கண்ணைத் திறந்ததும் உன்னைப் பார்த்துச்சா, சுவரைப் பார்த்துச்சா? பால் கேட்டுச்சா? ஊசி போட்டப்ப அழுதுச்சா? அழுகை எப்பவும்போல இருந்துச்சா, கீச்சுன்னு இருந்துச்சா? பேர் சொல்லிக் கூப்பிட்டதுக்குத் திரும்பிச்சா, சத்தத்துக்குத் திரும்பிச்சா? மூளை வீங்கத் தொடங்கிய குழந்தை கண்ணைத் திறந்துகொண்டே இருக்கலாம், ஆனால் யாரையும் பார்க்காது. தாய்க்கு அது தெரிந்திருக்கும். யாரும் கேட்கவில்லை என்பதால் சொல்லாமல் இருப்பாள்.

கைக்குழந்தையாக இருந்தால் உச்சிக்குழியைக் கேட்க வேண்டும். எங்கள் பக்கம் தினமும் எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டுகிறார்கள். அந்தக் கைக்கு உச்சிக்குழியின் பள்ளம் மனப்பாடம். "அன்னைக்கு எண்ணெ வெக்கச்சொல்ல மேடா இருந்துச்சு சார்" என்று ஒரு பாட்டி சொன்னதை அண்ணன் அப்படியே படிவத்தின் ஓரத்தில் எழுதினார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

மேடாக ஏன் ஆகிறது என்பதை முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில்தான் தெரிந்துகொண்டேன். படிவத்தை நிரப்பப் போயிருந்தபோது, மேற்படிப்பு படிக்கும் ஒரு டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். வைரஸ் மூளை நரம்பணுக்களுக்குள் புகுந்து அழிக்கிறது. அதை எதிர்த்து உடம்பு கிளப்பும் அழற்சியில் மூளையில் நீர் கோத்து வீங்குகிறது. மண்டையோடு எலும்பு, விரிந்து கொடுக்காது. உச்சிக்குழி மூடாத கைக்குழந்தைக்கு மட்டும் அந்த வழியாகக் கொஞ்சம் இடம் கிடைக்கும். மற்றபடி உள்ளே அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் மூளைக்குப் போகும் இரத்தம் குறையும். வலிப்போ மூளைக்கு இன்னும் அதிக ஆக்சிஜனும் சர்க்கரையும் கேட்கும். ஆகவே வலிப்பு நீடிக்க நீடிக்க வீக்கமும் சேதமும் கூடும். மருந்து கொடுத்து வலிப்பை நிறுத்துவதில் அவர்கள் ஏன் அப்படிப் பறக்கிறார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. 5 நிமிடத்துக்கு மேல் நிற்காத வலிப்பு தானாக நிற்கும் என்று காத்திருக்கக் கூடாது, அது அவசரம்.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸைக் கொல்ல மருந்து இல்லை. மருத்துவமனை செய்வதெல்லாம், உடம்பு அதை வென்று முடிக்கும்வரை மூளையைக் காப்பாற்றி வைப்பது. தலைப்பக்கத்தை 30 பாகை உயர்த்தி, கழுத்து ஒரு பக்கமும் சாயாமல் நேராக வைத்திருப்பார்கள். கழுத்து மடங்கினால் மூளையிலிருந்து இறங்கும் இரத்தம் தடைபட்டு அழுத்தம் இன்னும் ஏறும். மேனிடால், அல்லது 3 சதவீத உப்புக் கரைசல் ஏற்றி வீக்கத்தின் நீரை இழுப்பார்கள். காய்ச்சலை இறக்கி, இரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நாடி மெதுவாகி, இரத்த அழுத்தம் ஏறி, மூச்சு சீரில்லாமல் போனால் வீங்கிய மூளை கீழே மூளைத்தண்டை நெருக்குகிறது என்று பொருள். கண்மணி இரண்டும் ஒரே அளவாக இருக்கிறதா என்று செவிலியர் டார்ச் அடித்து அடித்துப் பார்ப்பது அதற்காகத்தான். எங்கள் டார்ச்சுக்கு ஒரு வேலை, அவர்கள் டார்ச்சுக்கு ஒரு வேலை.

அந்த வார்டில் வலிப்பு நின்றுவிட்டது என்று யாரும் சட்டென்று நிம்மதி அடைவதில்லை. இந்த நோயில் உடம்பெல்லாம் அடங்கிய பிறகும் ஒரு விரல் மட்டும் துடிக்கலாம், புருவம் மட்டும் ஆடலாம், கண் ஒரு பக்கமாகவே ஒதுங்கி நிற்கலாம். உள்ளே மூளையில் வலிப்பு ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதை முதலில் பார்ப்பது பெரும்பாலும் இரவெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய்தான்.

முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுப்பதற்குக் கையெழுத்துக் கேட்டால் பாதிக் குடும்பம் எழுந்து நின்றுவிடும். "முதுகுல ஊசி போட்டா கால் விளங்காம பூடும்." அப்படியெல்லாம் ஆகாது. அந்த நீரில்தான் வைரஸுக்கு எதிரான ஐ.ஜி.எம். எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று உறுதியாகப் பார்க்க முடியும். அழுத்தம் மிக ஏறியிருந்தால் மருத்துவர்களே அந்த ஊசியைத் தள்ளிப்போடுவார்கள். நோயின் முதல் சில நாட்களில் ஐ.ஜி.எம். தெரியாமலும் போகலாம், மறுபடி எடுக்க வேண்டும்.

எடுத்துப் பார்த்தாலும் பல நேரம் எங்கள் கொசு குற்றவாளி இல்லை என்று முடிவு வரும். வலிப்பும் மூளை வீக்கமும் வேறு பல வழிகளிலும் வரும். ஹெர்பீஸ் வைரஸால் வந்ததென்றால் அதற்கு மருந்து உண்டு. காசநோய் மூளையுறைக்குப் போயிருக்கலாம். ஸ்க்ரப் டைபஸ் என்கிற உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். புதரிலும் புல்லிலும் இருக்கும் நுண்ணுண்ணியின் குஞ்சு கடிப்பதால் வருவது. கடித்த இடத்தில் கருகிய புண் ஒன்று இருக்கும், அக்குளில், இடுப்பு மடிப்பில், காதுக்குப் பின்னால். வலிக்காது, ஆகவே யாரும் சொல்லமாட்டார்கள். துணியை விலக்கித் தேட வேண்டும். டாக்ஸிசைக்கிளின், அசித்ரோமைசின் போன்ற மலிவான மருந்தில் அது அடங்கும், நேரத்தோடு கொடுத்தால். உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூரில் 2005-இல் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. தடுப்பூசி போட்ட பிறகும் அங்கே ஆண்டுதோறும் மழைக்காலத்தில் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தார்கள். சென்னையில் இருக்கும் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தாரும் மற்றவர்களும் போய் ஆராய்ந்து, அதில் பெரும்பகுதி உண்ணிக் காய்ச்சல் என்று கண்டார்கள். பீகாரின் முசாபர்பூரில் கதையே வேறு. ராத்திரி சாப்பிடாமல் படுத்த பிள்ளைகள், பகலில் லிச்சிப் பழம் தின்றவர்கள், விடியற்காலையில் வலிப்போடு வந்தார்கள். 2014-இல் நடந்த ஆய்வில் அந்தப் பழத்திலுள்ள நச்சு, வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரையை அடியோடு இறக்கிவிடுவது தெரிந்தது. வலிப்போடு வரும் எந்தக் குழந்தைக்கும் முதலில் விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்க்கிறார்கள் என்றால் அதற்குப் பின்னால் இத்தனை இருக்கிறது. "ராத்திரி சாப்பிட்டுச்சா?" என்பதும் எங்கள் கேள்விகளில் ஒன்று.

சாவிக்கொத்து விஷயத்தில் அண்ணனோடு எனக்கு ஒரு சிறு கருத்து வேறுபாடு உண்டு. இரும்பு பிடித்தால் வலிப்பு நிற்கும் என்பது எங்கள் ஊர்களில் அசையாத நம்பிக்கை. பெரும்பாலான வலிப்பு எப்படியும் ஓரிரு நிமிடத்தில் நிற்கும், அந்தப் புகழ் சாவிக்குப் போய்விடுகிறது. கையில் கொடுத்தால் கெடுதல் இல்லை என்று அண்ணன் விட்டுவிடுவார். வாயில் கரண்டி திணிப்பதையும், மூக்கில் வெங்காயச் சாறு பிழிவதையும், மயங்கிய குழந்தைக்குத் தண்ணீர் புகட்டுவதையும் மட்டும்தான் கடுமையாகத் தடுப்பார். பல் உடையும், சாறும் தண்ணீரும் நுரையீரலுக்குப் போகும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதுவும் வைக்காமல், மணியைப் பார்த்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள் என்பார். சாவி தேடுகிற நேரத்தில் மணி பார்க்கலாமே என்பது என் கட்சி. மந்திரித்துக் கயிறு கட்டப் போகிறவர்களிடம் அவர் சண்டை போட்டதே இல்லை. "கட்டுங்க. பூசாரிய ஆம்புலன்ஸுல ஏத்திக்கினு போயி கட்டுங்க" என்பார். ஒரு ஊரில் உண்மையிலேயே பூசாரி ஏறிப் போனார்.

தடுப்பூசியைக் கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. கோரக்பூர் சாவுகளுக்குப் பிறகு 2006 முதல் நோய் அதிகமுள்ள மாவட்டங்களில் எஸ்.ஏ. 14-14-2 என்ற சீனத் தயாரிப்பு ஊசி போடத் தொடங்கினார்கள். விழுப்புரமும் அப்படிப்பட்ட மாவட்டம். 9 மாதத்தில் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. இரண்டாம் ஊசி 2013-இல் சேர்ந்தது. "ஊசி எல்லாம் போட்டாச்சா?" என்று கேட்டால் எல்லோரும் போட்டாச்சு என்றுதான் சொல்வார்கள். அட்டை மழையில் நனைந்து போயிருக்கும், அல்லது அம்மா வீட்டில் இருக்கும். ஆகவே நான் சேர்ந்த காலத்தில் செவிலியர் அக்கா கேட்ட கேள்வி இது: "ஒம்போதாம் மாசம் ஒரு கையில போட்டாங்களா, ரெண்டு கையிலயுமா?" வலது தோளில் தட்டம்மை, இடது தோளில் மூளைக்காய்ச்சல். இப்போது அட்டவணையில் இன்னும் ஊசிகள் சேர்ந்துவிட்டதால் அந்தக் கேள்வி தனியாகப் போதாது.

ஏரிக்கு மறுபக்கம் ஒரு ஊரில் அந்தக் கேள்விக்கு ஒரு தாய், "ஒரு கையிலதான்" என்றாள். குழந்தைக்கு நான்கு வயது இருக்கும், தீவிர சிகிச்சையில் இருந்தது. கணவனும் மனைவியும் செங்கல் சூளை வேலைக்கு வெளி மாவட்டம் போகிறவர்கள். குழந்தை பிறந்ததும் அங்கே, ஊசி போட்டதும் அங்கே. அந்த மாவட்டத்தில் மூளைக்காய்ச்சல் ஊசி அட்டவணையில் கிடையாது. கொசு கடித்ததிலிருந்து நோய் தெரிய 4 முதல் 14 நாள் ஆகும் என்பதால், இரண்டு வாரத்துக்கு முன்னால் எங்கே இருந்தீர்கள் என்று அண்ணன் கேட்டார். மழை தொடங்கிச் சூளை மூடியதும் வந்துவிட்டார்கள், மாதம் ஒன்றுக்கு மேலாகிறது. அப்படியானால் கடித்தது இங்கேதான். அன்று மாலை அந்தத் தெருக் கொட்டாயில் என் குவளைகள் சீக்கிரம் நிறைந்தன, பெரும்பாலும் வளையம் போட்ட ட்ரைட்டா. முதுகுத் தண்டு நீரில் ஐ.ஜி.எம். இருப்பதாகப் பிறகு தகவல் வந்தது.

சூளை மூடுவது மழைக்கு. மழைக்குத்தான் கழனி நிறைந்து கொசு ஏறுகிறது. ஊசி போடாத பிள்ளைகள் ஊருக்குத் திரும்புவது, வருஷத்தில் திரும்பவே கூடாத மாதத்தில். இதை எந்தப் பதிவேட்டிலும் நான் படிக்கவில்லை. ஒரு கையா, இரண்டு கையா என்ற கேள்வியும், இரண்டு வாரத்துக்கு முன் எங்கே என்ற கேள்வியும் ஒரே திண்ணையில் கேட்கப்பட்டதால்தான் வெளியே வந்தது. அண்ணன் வழியெல்லாம் பேசாமல் வந்து, சாலைக்கு வந்ததும் செவிலியர் அக்காவிடம் சூளைக்குப் போய் வரும் வீடுகளின் பெயர்கள் அவரிடம் இருக்கிறதா என்று கேட்டார். கர்ப்பிணிகள் கணக்குக்காக வைத்திருந்தார். பிள்ளைகள் கணக்குக்காக அந்தப் பட்டியலை யாரும் கேட்டதில்லை.

அந்தக் குழந்தை பிழைத்தது. சில மாதம் கழித்துத் தொடர் விவரம் எழுதப் போனேன், அண்ணன் இல்லாமல் தனியாக. படிவத்தில் குணமடைந்தார், ஊனத்தோடு குணமடைந்தார், இறந்தார் என்று மூன்று கட்டம். குழந்தை நடந்து வந்து தாயின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றது. நடை கொஞ்சம் விறைப்பு. முகத்தில் சிரிப்பும் அழுகையும் அவ்வளவாக ஏறவில்லை. இந்த நோய் மூளையின் உள்ளே தலாமஸ் பகுதியைத் தாக்குவதால் அப்படி ஆகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நான் முதல் கட்டத்தின் பக்கம் பேனாவைக் கொண்டுபோவதைப் பார்த்த தாய், "கொணம்னு எழுதாதீங்க தம்பி. இது எம்மாம் வாயாடி தெரியுமா? இப்ப கேட்டாத்தான் பேசுது" என்றாள். இரண்டாம் கட்டத்தில் குறித்தேன். அப்படிக் குறித்தால்தான் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரை போகும், அங்கே பேச்சுப் பயிற்சியும் கைகால் பயிற்சியும் கிடைக்கும். பேருந்துக் காசுக்கு என்ன செய்வது என்று கேட்டாள். ஆய்வாளரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

திண்ணையில் இன்னொன்று தவழ்ந்துகொண்டிருந்தது. இந்த வருஷம் சூளைக்குப் போகும்போது இதையும் தூக்கிக்கொண்டு போவார்களா என்று கேட்டேன். போகாமல் எப்படி என்றாள். கிளம்புவது பொங்கல் கழித்து. குழந்தைக்கு ஒன்பதாம் மாதம் முடிவது மார்கழியில். செவிலியர் அக்காவுக்கு அங்கிருந்தே போன் போட்டேன். மார்கழிக் கடைசிப் புதன்கிழமை அந்தத் தெருவில் சூளைக்குப் போகும் பிள்ளைகள் எல்லோரையும் சேர்த்து வைத்துப் போட்டுவிடலாம், இரண்டாவது ஊசிக்கு நிற்கிறவர்களின் பெயரையும் எழுதிக்கொண்டு வா என்றார். ஏழு வீடு. இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கொட்டாய்க்குப் போனேன்.